பூட்டிய அலமாரி: நூலகர் பணியும் நூலகங்களின் நாளையும் பற்றி ஒரு விவாதம்

கிளைநூலகர் (இழையைத் தொடங்கியவர்)

ஆகஸ்ட் 12 அன்று தேசிய நூலகர் நாள் எங்கள் கிளை நூலகத்திலும் கொண்டாடப்பட்டது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதனின் படத்துக்கு மாலை அணிவித்தோம். வாசகர் வட்டத்தார் இருவர் பேசினர். இருவருமே, கைப்பேசி வந்துவிட்ட பிறகு நூலகம் இன்னும் எத்தனை காலத்துக்கு என்ற கேள்வியைத் தொட்டார்கள். பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பணியில் இருப்பவள் என்ற முறையில் எனக்கு அந்தக் கேள்வி சற்றுத் தொலைவில் இருப்பதாகவே படுகிறது. என் கண்ணெதிரே வாசகருக்கும் அவர் தேடும் நூலுக்கும் குறுக்கே கிடப்பவை என் மேசைமீதுள்ள பதிவேடுகள்.

காலை எட்டு மணிக்கு நூலகத்தைத் திறக்கிறேன். துப்புரவுப் பணியாளர் இல்லாததால் கூட்டிப் பெருக்குவதும் நானே. நாளிதழ்களுக்கு முத்திரையிட்டு, வருகைப் பதிவேட்டை எடுத்து வைப்பதற்குள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கைகளைப் பிடித்துவிடுவார்கள். புதிய நூல்கள் கட்டாக வந்து இறங்கினால், பட்டியலோடு ஒப்பிட்டு, முத்திரை குத்தி, இருப்புப் பதிவேட்டில் எண்ணிட்டு, பகுப்பெண் எழுதி, தேதித் தாள் ஒட்ட வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாதபோது ஒரு கட்டு மூன்று வாரம் அப்படியே கிடப்பதும் உண்டு. இடையில் சந்தாத் தொகையை வங்கியில் செலுத்த வேண்டும், மாதாந்தரப் புள்ளிவிவரம் அனுப்ப வேண்டும், புரவலர் சேர்க்கைக்காகக் கடைத்தெருவில் அலைய வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே, ‘என் மகளுக்கு என்ன கொடுக்கலாம்?’ என்று கேட்டு நிற்கும் ஒரு தாய்க்கு நான் ஒதுக்கக்கூடிய நேரம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நூலகவியல் படித்தேன். மற்ற நூலகர்களின் நிலை எப்படி என்று அறிய விரும்புகிறேன்.

வாசகர்_வட்டம்

அம்மையாரின் வருத்தம் புரிகிறது. ஆயினும் வாசகனின் பக்கத்திலிருந்தும் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். வீட்டு வரி கட்டும் ஒவ்வொரு முறையும் ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருப்பதைப் பார்க்கிறேன்; சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்தது அந்த வரி. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கெனப் பிறந்த முதல் சட்டமும் அதுவே. ஆகவே நூலகம் எனக்கு யாரோ அளிக்கும் கொடை அன்று. நான் பணம் செலுத்தி வைத்திருக்கும் உரிமை.

அப்படிப் பணம் செலுத்தியவன் மாலை ஐந்தரைக்குப் போய் நின்றால், ‘நூலகர் கூட்டத்துக்குச் சென்றுள்ளார்’ என்று சாக்கட்டியால் எழுதிய பலகை தொங்குகிறது. உள்ளே சென்றாலும் நான் கேட்கும் நூல் இருப்பில் இருக்கும், அடுக்கில் இராது. கேட்டால், ‘அது அலமாரியில் உள்ளது, சாவி என்னிடம் இல்லை’ என்பார்கள். பதிவேடுகளைக் குறை சொல்வது எளிது. நூலை வாசகனின் கண்ணுக்கே காட்டாமல் வைப்பதற்கும் பதிவேடுதான் காரணமா?

போட்டித்தேர்வர்

வணக்கம். மேலே குறிப்பிடப்பட்ட ‘இருக்கைகளைப் பிடிக்கும் பிள்ளைகளில்’ நானும் ஒருத்தி. மூன்றாண்டுகளாக எங்கள் ஊர் முழுநேரக் கிளை நூலகத்தில் தொகுதி நான்கு தேர்வுக்கும் தொகுதி இரண்டு தேர்வுக்கும் படித்து வருகிறேன். எங்கள் வீடு ஒரே அறை. தொலைக்காட்சி, தம்பி, தையல் இயந்திரம் எல்லாம் அந்த அறைக்குள்தான். நூலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி, மின்விசிறி, குடிநீர், கழிப்பறை, எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறாயா?’ என்று கேட்காத மனிதர்கள் கிடைக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாண்டில் நான் ஒரு நூலைக்கூட வீட்டுக்கு இரவல் பெற்றதில்லை. சொந்தப் பாடநூல்களைக் கொண்டுவந்தே படிக்கிறேன். அறையில் உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம் இருந்தும் நூல் வழங்கல் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதாகவும், அதற்கு மேலிடத்தில் விளக்கம் எழுத வேண்டியிருப்பதாகவும் எங்கள் நூலகர் ஒருமுறை சொன்னார். அன்று மாலையே அவருக்காக இரண்டு நாவல்களை எடுத்துச் சென்றேன். படிக்கவில்லை. கணக்குக்காக எடுத்தேன், கெடுவுக்குள் திருப்பித் தந்துவிட்டேன்.

கல்லூரி_நூலகர்

தங்கையின் கடைசி வரியைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் கணக்கு வேறு வகையானது. நான் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் பணியாற்றுகிறேன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் நூலகத்துக்கு எங்கிருந்தோ புதிய நாற்காலிகள் வரும். ஐந்தாண்டு வருகைப் பதிவேட்டை ‘ஒழுங்குபடுத்தும்’ பணியும் அத்துடன் வரும். ஏப்ரல், மே மாதங்களில் நூலகத்தைப் பூட்டிவிட்டு, மாணவர் சேர்க்கைக்காகக் கல்லூரி வேனில் ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரைச் சந்திக்க வேண்டும். ஒருவருக்கு இத்தனை சேர்க்கை என்று இலக்கும் உண்டு. பேராசிரியர்களுக்கு உரிய கல்வித்தகுதியைக் கேட்டுப் பணியில் அமர்த்துவார்கள். விடுப்பு, ஊதியம் என்று வரும்போது நூலகர் அலுவலகப் பணியாளர் ஆகிவிடுவார்.

இதைவிடக் கடினமானது, பிறர் எழுத்தை அப்படியே எடுத்தாண்டிருக்கிறார்களா என்று பார்க்கும் ஆய்வேடுகளின் ஒப்புமைச் சோதனை. 2018இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைப்படி பத்து விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் குற்றமில்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என நடவடிக்கை ஏறிக்கொண்டே போகும். மென்பொருளில் கோப்பை ஏற்றிச் சான்று எடுப்பது நூலகரின் பொறுப்பு. பதினெட்டு விழுக்காடு என்று வந்தால், ஆய்வாளர் முதலில் என்னிடம் வந்து நிற்பார், அடுத்து அவருடைய நெறியாளர் தொலைபேசியில் அழைப்பார், அதற்கடுத்து இருவருக்கும் வேண்டிய ஒருவர் தேநீருக்கு அழைப்பார். மறுத்தால் பகை, இணங்கினால் சான்றில் இருப்பது என் கையொப்பம்.

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் வேறொரு வேடிக்கை நடக்கிறது. ஒருங்குறியில் அல்லாமல் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை ஏற்றினால், மென்பொருளுக்கு அது தமிழாகவே தெரிவதில்லை. பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. முழு இயலையும் வேறொரு நூலிலிருந்து எடுத்திருந்தாலும் ஒப்புமை சுழியம் என்று காட்டும். நான் கண்ணால் கண்டு, இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகே துறைத்தலைவர் நம்பினார். நூலகர் இருந்த இடத்தில் மென்பொருளை மட்டும் வைத்துவிடலாம் என்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

கணிமையர்

அப்படிச் சொல்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் எழுதுகிறேன், ஐயா. நூலகர்களை இழிவுபடுத்தும் நோக்கம் எனக்கு இல்லை. ஆனால் முத்திரை குத்துவது, எண்ணிடுவது, வழங்கல் குறிப்பது, புள்ளிவிவரம் அனுப்புவது எல்லாமே இயந்திரம் செய்யக்கூடியவை. நியூசிலாந்தில் உருவாகி 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் கோஹா போன்ற நூலக மேலாண்மை மென்பொருள் இருக்கும்போது, கையால் பதிவேடு எழுதுவதைத் தொடர்வதுதான் நோய். மேலும், ஐயம் கேட்டு நூலகரை நாடிய காலம் மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் நூற்பட்டியலே கிடைத்துவிடுகிறது.

கல்லூரி_நூலகர்

முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். கோஹாவை நானே நிறுவி ஏழாண்டுகளாக நடத்தி வருகிறேன். இரண்டாம் பாதியில் சொன்ன பட்டியல் என்னிடமும் வருகிறது. சென்ற பருவத்தில் ஒரு முதுகலை மாணவர், உரையாடி தந்த பதினொரு நூல்களின் பட்டியலோடு வந்தார். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் நேர்த்தியாக இருந்தன. அவற்றில் நான்கு நூல்கள் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை, எந்தப் பதிப்பகத்திலும் வெளிவரவில்லை. ஒரு நூல் இருக்கிறது என்று காட்ட ஒரு நிமிடம் போதும். இல்லவே இல்லை என்று உறுதி செய்ய அரை நாள் ஆனது. இந்த அரை நாள் எந்தப் பணிப்பட்டியலிலும் இடம்பெறாது.

தமிழ்ப் பட்டியலாக்கத்தின் சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் என்று ஒரு நூலில் இருக்கும். இன்னொன்றில் சுவாமிநாத ஐயர், வேறொன்றில் சாமிநாத ஐயர், பலர் நாவில் வெறும் உ.வே.சா. இவை அனைத்தும் ஒருவரே என்று ஒரு மனிதர் உட்கார்ந்து இணைத்தால்தான் தேடுபவருக்கு எல்லா நூல்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண்ணைக் கொடுத்து, துருக்கி மொழிக்கும் பின்னிஷ் மொழிக்கும் பக்கத்து வீட்டில் குடி வைத்திருக்கிறார்கள். சங்கப் பாடல் முதல் சென்ற மாதம் வந்த சிறுகதைத் தொகுப்பு வரை அந்த ஒரு எண்ணின் கீழ்தான் அடங்க வேண்டும். உள்ளே வகை பிரித்து வாசகரைச் சரியான இடத்துக்கு அழைத்துச் செல்வது யார்? (கோலன் பகுப்பு முறையை 1933இல் வெளியிட்ட ரங்கநாதனின் சொந்த மாநிலத்தில் இருந்துகொண்டு டியூயியைப் பற்றிக் குறைப்படுவது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.)

இயந்திரம் வழியாகக் கிடைப்பதும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வரவேற்கத்தக்கது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஆனால் இப்போதைக்கு அது அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டுமே. சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள அரசுக் கல்லூரி மாணவர் படிக்கும் கட்டுரையை, இந்தப் பக்கம் உள்ள என் மாணவர் படிக்க முடியாது.

வாசிகசாலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பிரதேச சபை நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். எங்கள் ஊரில் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்குக் காலையில் பத்திரிகை வாசிக்கப் போகும் வழக்கம் இன்னும் சில பெரியவர்களிடம் உண்டு. ஒரே பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நால்வர் வாசிப்பார்கள்.

இலத்திரனியல் மயமாக்கல் பற்றிய பேச்சு வரும்போது எங்களுக்கு 1981 நினைவுக்கு வராமல் இராது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறு படி இல்லாதவையும் அவற்றுள் இருந்தன. 2005இல் ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கியபோது எங்களில் பலர் ஆறுதல் அடைந்ததற்குக் காரணம் வசதி அல்ல. ஒரு படி வேறெங்காவது இருக்கிறது என்ற எண்ணம். ஆனால் நண்பர் கணிமையர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. எண்ணிமமாக்கல் என்பது வேலையைக் குறைக்கும் வேலை அல்ல. ஊர்க்கோயில் மலர் ஒன்றை மின்வருடி, அது எந்த ஆண்டு, எந்தத் திருவிழா, யார் தொகுத்தது என்று விவரம் சேர்க்க, அந்த ஊரில் மூன்று வீடுகளுக்குச் சென்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. விவரம் சேர்க்காத கோப்பு சேமிப்பகத்தில் கிடந்தும் இல்லாததற்குச் சமம்.

எங்கள் பணிச்சுமையும் உங்களுடையது போலவே இருக்கிறது. ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வந்தால் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு என்று நாள்கள் நிறைந்துவிடும். அந்த மாதத்தில் நான் வாசித்த நூல் எதுவுமில்லை.

ஊர்ப்புற_நூலகர்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஊர்ப்புற நூலகர். சிறப்புக் காலமுறை ஊதியம். மூன்றாம் நிலை நூலகராக என்று ஆக்குவார்கள் என்று காத்திருக்கிறேன். மழை பெய்தால் குழந்தைகள் நூல் அடுக்கின் மேல் தார்ப்பாய் போடுவேன். கரையான் வந்த ஆண்டு, நூல்களை வெயிலில் காய வைப்பதற்குப் பக்கத்து வீட்டு நெற்களத்தைக் கேட்டு வாங்கினேன். நூலகத்தில் கழிப்பறை இல்லை. பெண் நூலகர்கள் இப்படிப்பட்ட ஊர்களில் எப்படிப் பணிபுரிகிறார்கள் என்பதை அவர்களே எழுத வேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணி. அந்நாள்களில் நூலகம் பூட்டியிருக்கும். ஆசிரியர் ஐயா பார்த்த பலகை அப்படிப்பட்ட நாளில் தொங்கியதாகவும் இருக்கலாம்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருகிறார்கள். படக்கதை நூல்கள் கிழிந்துவிட்டன. கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டித் தருகிறேன். இங்கே எதிர்காலம் பற்றி யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் திறந்திருக்குமா என்றுதான் கேட்கிறார்கள்.

கிளைநூலகர்

ஆசிரியர் ஐயா பூட்டிய அலமாரியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் எழுத இயலவில்லை. என் நூலகத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. பூட்டியவள் நானே.

பணியில் சேர்ந்த புதிதில் எல்லா நூல்களையும் திறந்தே வைத்திருந்தேன். ஒரு வாசகர் மூன்று நூல்களை எடுத்துச் சென்றார்; வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் அவையும், எப்படிப் போயின என்றே தெரியாத இன்னும் பதினாறு நூல்களும் குறைந்தன. விளக்கம் கேட்டு மடல் வந்தது. எழுதிய விளக்கம் ஏற்கப்படவில்லை. தொகையை என் கையிலிருந்து கட்டினேன். பணம் பெரிதல்ல, ‘கவனக்குறைவு’ என்று என் பணிக்கோப்பில் ஏறிய சொல் இன்றும் உறுத்துகிறது. மறுவாரமே, எவை அதிகம் விரும்பிக் கேட்கப்படுகின்றனவோ அவற்றைப் பொறுக்கி எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். யாரும் தொடாத நூல்களைத் திறந்த அடுக்கில் விட்டேன். அவை காணாமல் போவதில்லை அல்லவா?

‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பது ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதல் விதி. ஐரோப்பாவில் முற்காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அடுக்கோடு பிணைத்திருந்த வழக்கத்தை எடுத்துக்காட்டியே அவர் அந்த விதியை விளக்குகிறார். தேர்வில் இதற்கு விடை எழுதி மதிப்பெண் பெற்றவள் நான். மத்திய அரசின் பொது நிதி விதிகளில், ஓராண்டில் வழங்கப்பட்ட, பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை இழப்பு ஏற்பட்டால், நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதவரை அது இயல்பான இழப்பாகக் கொள்ளப்படும் என்று இருக்கிறது. புழங்கும் பொருள் தேயும், தொலையும் என்பதை அந்த விதியை எழுதியவர் அறிந்திருக்கிறார். அந்த அறிவு என் மேசைவரை வந்து சேரவில்லை. இங்கே நூல் தொலைந்தால் நான் குற்றவாளி; நூல் படிக்கப்படாமல் இருபதாண்டுகள் அடுக்கில் இருந்தால் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எந்த நூலகரும் எந்தப் பக்கம் சாய்வார் என்பதற்குச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. கணிமையர் சொல்லும் மென்பொருள் நாளையே வந்தாலும், இந்த அச்சம் நீங்காத வரை, பூட்டு கணிப்பொறிக்குள் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

வாசகர்_வட்டம்

நான் அலமாரியைப் பற்றி எழுதியபோது அதற்குப் பின்னால் இப்படியொரு மடல் இருக்கும் என்று எண்ணவில்லை. என் சொற்களின் கடுமைக்கு வருந்துகிறேன், அம்மா. கேள்வியை மட்டும் திரும்பப் பெறவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு என்று இப்போது தெரிகிறது.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும், 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் சென்றிருக்கிறேன். சொந்த நூல் படிக்கத் தனிப் பகுதி, பார்வையற்றோருக்கெனப் பிரெயில் பகுதி, குழந்தைகளுக்கென ஒரு தனி உலகம். பார்த்து மகிழ்ந்தேன். 2011இல் கோட்டூர்புரம் கட்டடத்தை மருத்துவமனையாக மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டபோது வாசகர்கள் நீதிமன்றப் படியேறினார்கள், நூலகம் பிழைத்தது. கிளை நூலகம் ஒன்றில் கடைசிப் பணியிடம் நிரப்பப்படாமல் மெல்ல மூடப்படும்போது வழக்குப் போட யாரும் வருவதில்லை, ஏனெனில் எந்த நாளில் மூடியது என்றே நமக்குத் தெரிவதில்லை. வரும் ஞாயிறு எங்கள் வட்டத்தின் கூட்டம். சரிபார்ப்பு இழப்புக்கு நியாயமான வரம்பு வேண்டும் என்று ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். கையொப்பமிட வாசகர்களே போதும். நூலகர்கள் பெயர் வேண்டாம்.

கிளைநூலகர்

நன்றி, ஐயா. மனுவின் வரைவை இங்கேயே இடுங்கள். விதி எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

நேற்று அலமாரியிலிருந்து நாற்பது நூல்களை எடுத்து வாயிலருகே ஒரு மேசையில் பரப்பினேன். போட்டித் தேர்வுப் பிள்ளைகள் தேநீருக்கு வெளியே போகும்போது நின்று புரட்டினார்கள். மாலைக்குள் ஒன்பது நூல்கள் முறையாக இரவல் போயின. இரவு பூட்டும்போது எண்ணிப் பார்த்தேன், முப்பது இருந்தன. மேசைக்கடியிலும் நாற்காலிகளுக்கிடையிலும் தேடிவிட்டேன். நாளை வெள்ளி, விடுமுறை. சனிக்கிழமை காலை மேசையை மறுபடியும் போட எண்ணுகிறேன்.

போட்டித்தேர்வர்

அது எங்கள் நூலகமாக இருந்தால், ஜன்னலோர நாளிதழ்க் கட்டுக்குள் பாருங்கள், அம்மா. பாதி படித்ததை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அங்கேதான் ஒளித்து வைப்போம்.